குறிப்புகளையும் வாசிக்கவும்

அந்த நாட்களில் அண்ணி பேசிக்கொண்டிருந்ததாகவே எனக்கு நினைவு. மேசைக்கு இடது பக்கம் நாற்காலியைப் போட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் சொன்னவை எல்லாம் அவருடைய குரலிலேயே எனக்குக் கேட்கின்றன. ஆனால் அவர் பேசியிருக்க முடியாது. பேசவே கூடாது என்று மருத்துவர் கட்டளையிட்டிருந்த இரண்டு மாதங்கள் அவை. அப்படியென்றால் நான் கேட்டது யாருடைய குரல் என்று யோசிக்கும்போதெல்லாம் மற்ற விவரங்களிலும் சந்தேகம் வந்துவிடுகிறது. கணினி ஜன்னலைப் பார்த்து இருந்ததா, சுவரைப் பார்த்து இருந்ததா என்றுகூட உறுதியாகச் சொல்ல மாட்டேன். நடந்தவற்றின் வரிசை மட்டும் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

என் அண்ணன் ஒரு சிறிய சபைக்குப் போதகர். ஐம்பது வயதைத் தாண்டியதும் அவர் பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்தது. அது மெல்லப் பெரிதாகி, எதிரே வருபவரின் சட்டை நிறம் தெரியும், முகம் தெரியாது என்ற இடத்தில் வந்து நின்றது. அச்செழுத்து அதற்கு முன்பே போய்விட்டது. பிறகு அண்ணிதான் வாசித்தார். மதியம் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், வேதாகமத்தில் ஒரு அதிகாரம், அதற்கான விளக்கவுரை, பிறகு அண்ணன் கேட்கிற ஒரு சொல் வேறு எங்கெங்கே வருகிறது என்று தடித்த அகராதியைப் புரட்டி அந்த வசனங்கள். வெளிச்சம் மங்கும் வரை வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அப்படித்தான் பல வருடங்களாக உருவாகிக்கொண்டிருந்தது.

அண்ணியின் குரல் கம்மியபோது சளி என்று நினைத்தோம். மிளகு, வெந்நீர், தொண்டைக்குத் துணி என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மருத்துவர் குரல் நாணில் முடிச்சு விழுந்திருப்பதாகச் சொன்னார்.

"ரெண்டு மாசம் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசுறது அதைவிடக் கெடுதல். கரைஞ்சா நல்லது. இல்லேன்னா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் குரல் எப்படி இருக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

அண்ணன் வீட்டின் நிலைமை அன்று முதல் விநோதமாகிவிட்டது. ஒருவரால் படிக்க முடியாது, ஒருவரால் பேச முடியாது. அண்ணி தாளில் எழுதிக் காட்டினால் அதைப் படிக்க அண்ணனுக்குக் கண் வேண்டும். அண்ணன் கையில் தட்டுவது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. சாப்பிடலாமா, கதவைச் சாத்திவிட்டாயா போன்றவற்றுக்கு அது போதும். மற்ற நேரமெல்லாம் வீட்டில் மின்விசிறிச் சத்தம்தான். எனக்கு மௌனம் பிடிக்கும், நாள்கணக்கில் யாரோடும் பேசாமல் புத்தகத்தோடு இருந்துவிடுவேன். ஆனால் அந்த வீட்டில் இருந்தது வேறு வகை மௌனம். அதில் இரண்டு பேர் தனித்தனியாகக் காத்திருந்தார்கள்.

அண்ணன் எனக்கு ஃபோன் செய்தார்.

"வேதாகமத்தை வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் எல்லாம் இருக்காமே. நல்லதா ஒண்ணு பாத்துப் போட்டுக் குடுடா. நீதான் நாள் முழுக்க அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுவுற ஆளு."

நான் ஒரு நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை தயாரிக்கிறவன். பெட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆகவே தெருமுனையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவரையும் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் உதட்டைப் பிதுக்குவார் என்பதால் வந்த பெயர். சபை அலுவலகத்தில் தூசி படிந்துகிடந்த மேசைக்கணினியை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஓட வைத்தார்.

முதலில் போட்டது பெரிய நிறுவனத்தினுடையது. கொஞ்ச நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பல மொழிபெயர்ப்புகள், வரைபடங்கள், மூலமொழிச் சொற்கள், ஒரு அலமாரி நிறைய விளக்கவுரைகள். நான் மயங்கிப்போனேன். ஒரு சொல்லைத் தட்டினால் அது வருகிற இடமெல்லாம் ஒரு நொடியில் வந்து நின்றது. ஆனால் தமிழை வாயால் சொல்ல அதற்குத் தெரியவில்லை.

"இவ்வளவு படிச்சிருக்கு, நம்ம பாஷை மட்டும் வரலையா?" என்றார் அண்ணன். "அத்தனை ஜன்னலையும் நீயே பாத்துக்கோ. எனக்குச் சந்தையில கை விட்டுப்போன புள்ளை மாதிரி இருக்கு."

இரண்டாவது தமிழ் பேசியது. ஒரு பெண் குரல். தெளிவான உச்சரிப்பு. சுவிசேஷம் ஒன்றில் நான்காம் அதிகாரத்தின் முப்பத்தெட்டாம் வசனத்துக்குப் போகச் சொன்னோம். திரையில் எண்களுக்கு நடுவே இரண்டு புள்ளி இருந்ததால் அந்தக் குரல், "நான்கு மணி முப்பத்தெட்டு நிமிடம்" என்று அறிவித்தது.

அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "எந்த பிளாட்பாரம்னு சொல்லலையே."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிக்கவும் அனுமதி இல்லை. அதை டாக்டர் சரிசெய்துவிட்டார். ஆனாலும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குரல் ஒரு வசனத்தை முடித்த கையோடு அடுத்ததில் கால் வைத்தது.

"கடன்காரன் துரத்துற மாதிரி ஓடுறாளே. நான் எங்க நின்னு யோசிக்கிறது?"

"யோசிக்கணும்னா நிறுத்திக்கலாம் ஐயா. இந்தக் கட்டையை அமுக்கணும்" என்றார் டாக்டர்.

"எப்போ யோசனை வரும்னு எனக்கு முன்கூட்டியே தெரியுமாக்கும்."

இதையெல்லாம் வீம்பு என்று நினைத்து எரிச்சலோடு திரும்பினேன். அந்த வார நடுவில் ஒரு நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சொல்லாமல் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. நடையில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. உலர்ந்த இலையைத் தரையில் இழுப்பதுபோல. அண்ணி வாசித்துக்கொண்டிருந்தார். குரலே இல்லாமல், வெறும் மூச்சில், விளக்கவுரையின் ஒரு பக்கத்தை. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். அண்ணன் என் காலடிச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டு தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றார்.

"வேண்டாம்னு சொன்னவர் ஏன் எழுந்து போகலை?"

அண்ணன் மேசையைத் தடவி, மூடியிருந்த புத்தகத்தைத் தொட்டார். பிறகு சொன்னார்: "அவ மூச்சு வாங்குற இடத்துலதான்டா எனக்குப் பிரசங்கமே வரும். அது எந்த மெஷினுக்கும் தெரியலை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அண்ணி வாசித்துக்கொண்டேதான் இருப்பார். மருத்துவர் சொன்ன அந்த வாக்கில்லாத ஆபரேஷனுக்குத்தான் போய் நிற்போம்.

சனிக்கிழமை டாக்டர் மூன்றாவதைக் கொண்டுவந்தார். "ஓசியில கிடைக்கிறது ஐயா. நாலு பேர் வேலை முடிச்சு வந்து ஆசைக்கு எழுதினதாம். மேப்பு கிடையாது, விளக்கவுரை கிடையாது, ஒரு பகட்டும் கிடையாது." திரையில் இரண்டே கட்டங்கள். இடது பக்கம் வசனம், வலது பக்கம் நாம் குறிப்பு எழுதிக்கொள்ள வெற்றிடம். ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைக்க முடிந்தது. நான் ஒரு நொடி வைத்தேன். அண்ணன், "இன்னும்" என்றார். கூட்டினேன். "இன்னும்." கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் வசனம் முடிந்து, மின்விசிறி கேட்டு, தெருவில் ஒரு சைக்கிள் போவது கேட்டு, அதன் பிறகு அடுத்த வசனம் வந்தது. அண்ணன் மறுபடி "இன்னும்" என்று கேட்கவில்லை. அண்ணி தன் மூச்சை விரலால் மேசையில் தட்டி அளந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நடைக்குப் பரவாயில்லை" என்றார் அண்ணன். "ஆனா இதுல வசனம் மட்டும்தானே இருக்கு. மத்தவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு தெரியாம நான் என்னத்தைப் பேச? ரெண்டு நாள் பாக்குறேன். அப்புறம் சொல்றேன்."

கிளம்பும் முன் நான் ஒரு காரியம் செய்தேன். அமைப்புகளில் "குறிப்புகளையும் வாசிக்கவும்" என்று ஒரு சிறு பெட்டி இருந்தது. அண்ணன் சொல்லச் சொல்ல அண்ணி பிரசங்கக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வார், அதை அண்ணனே திரும்பக் கேட்டுக்கொள்ள வசதியாக இருக்குமே என்று அதில் ஒரு குறியிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

அண்ணி கல்யாணத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர். அந்த விரல்களுக்கு எதுவும் மறக்கவில்லை. அண்ணனுக்கு இயக்கும் கட்டை தட்டுப்படவேண்டும் என்று அதன்மேல் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டிக் கொடுத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். அண்ணி இடது பக்க நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன், "வேண்டாம்னுதான் சொல்லப்போறேன், இருந்தாலும் நீயும் ஒரு தடவை கேளு" என்று பொத்தானை அழுத்தினார்.

நான்காம் அதிகாரத்தின் அந்தப் பகுதிதான். மீன்பிடித் தொழிலில் இருந்த ஒரு சீடரின் மாமியார் கடுங்காய்ச்சலாகக் கிடக்கிறார். இயேசு வந்து காய்ச்சலை விரட்டுகிறார். அந்த அம்மாள் உடனே எழுந்து வந்தவர்களுக்கெல்லாம் பணிவிடை செய்கிறார். அண்ணன் பலமுறை பிரசங்கித்த பகுதி. வசனம் முடிந்தது. பிறகு அந்தக் குரல் அவருடைய குறிப்பை வாசித்தது: "சுகம் பெற்றவர் சும்மா இருக்கமாட்டார். இது பெண்களுக்கு நல்ல முன்மாதிரி."

அண்ணன் புருவத்தை உயர்த்தினார். "அட, நான் சொன்னதைச் சொல்லுது."

குரல் நிறுத்தவில்லை. "காய்ச்சல் விட்ட அன்றே அடுப்படிக்குப் போனாள் என்று இருக்கிறது. அன்று ஒரு நாள் படுத்திருக்கட்டும் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லையா? அவள் படுத்திருந்தால் சுகம் கொடுத்தவர் தடுத்திருக்கமாட்டார். கேட்காமல் விட்டது பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்."

கீரைக்காம்பை ஒடித்துக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. வலது பக்கக் கட்டம் ஊமை என்று நம்பி, அண்ணனின் குறிப்புக்குக் கீழே அவர் தனக்காக எழுதிவைத்தது அது.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விளக்கவுரை இல்லேன்னு சொன்னானே அந்த டாக்டர்? இது யாரு எழுதினது?"

அண்ணி என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினார். சொல்லாதே. நான் வாயைத் திறக்கவில்லை.

"கொஞ்சம் குத்தலான ஆளாத்தான் இருக்கான்" என்றார் அண்ணன். மறுபடி பொத்தானை அழுத்திக் கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, "நான் இத்தனை வருஷமா இதைப் பேசுறேன், அந்தப் பந்தியில நானும்தான் உக்காந்திருக்கேன் போல" என்றார். "இதையே வெச்சுக்கலாம்டா. இந்த ஆள் போதும். இவன் இன்னும் எதுக்கெல்லாம் எழுதியிருக்கான்னு பாரு."

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் கீரைத்தட்டைத் தரையில் வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துத் தட்டினார். தட்டி முடித்துவிட்டுச் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனின் விரலைப் பிடித்துப் பொத்தான்மேல் வைத்தார்.

குரல் சொன்னது: "அவன் இல்லை. உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

நான் வைத்த இடைவெளி எவ்வளவு நீளமானது என்று அப்போதுதான் தெரிந்தது. சைக்கிள் ஏதும் போகவில்லை. அண்ணன் முகத்தை அண்ணி இருந்த பக்கம் திருப்பினார். கறைக்கு வெளியே ஓரத்தில் அவர் சேலை நிறம் மட்டும் தெரிந்திருக்கும்.

"இத்தனை வருஷம் வாசிச்சியே. ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

அண்ணி தட்டினார். "நீங்க அடுத்த வசனத்தைத்தான் கேட்டீங்க."

அண்ணன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அப்படியே கேட்டார்: "சரி, அந்த அம்மா படுத்திருந்தா அத்தனை பேருக்கும் யாரு சமைச்சிருப்பா?"

இந்த முறை விரல்கள் யோசிக்கவே இல்லை. "மருமகன். மீனைப் பிடிக்கத் தெரிஞ்சவருக்கு அதை வறுக்கத் தெரியாதா?"

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார். அப்புறம் அண்ணியின் கையைத் தேடிப் பிடித்து, "நாளையிலிருந்து மதியம் நீ சாப்பிட்டதும் படு. சாயந்திரம் எழுந்து எழுது. நான் கேக்குறேன்" என்றார். அண்ணி அவர் கையில் ஒரு முறை தட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் சபைக்குப் போயிருந்தேன். அண்ணன் அதே பகுதியைப் பேசினார். பாதியில் நிறுத்தி, "இனிமே நான் சொல்லப்போறது என் மனைவி எழுதினது" என்றார். பின்வரிசையில் இருந்த அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கைவிசிறியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் முடிந்து மருத்துவர் பார்த்தபோது முடிச்சு கரைந்திருந்தது, ஆபரேஷன் தேவைப்படவில்லை. அண்ணியின் குரல் திரும்பிவிட்டது, முன்பைவிடச் சற்றுக் கனமாக. உரக்க வாசிப்பதை அதோடு விட்டுவிட்டார். தோன்றியதை வலது பக்கத்தில் எழுதுகிறார், முக்கியமானதை வாயாலேயே சொல்கிறார். அண்ணனுக்குக் கறை முழுக்கப் பரவிவிட்டது. போதகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார், பொத்தானை இன்னும் அழுத்துகிறார். டாக்டர் கடையை மூடிவிட்டு ஃபோன் விற்கப் போய்விட்டார். அந்தக் கணினி மக்கர் செய்தால் மட்டும் வருவார். அந்த மென்பொருளை எழுதிய நாலு பேரும் அதைப் பாதியிலேயே கைவிட்டுவிட்டதாகச் சொன்னார். நான் நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சனிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், பெரும்பாலும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன்.