வதிவிடமாகவும் கொண்ட

“களுவாஞ்சிகுடியைப் பிறப்பிடமாகவும், கனடா இக்காலுவிட்டை வதிவிடமாகவும் கொண்ட…” என்று போனில் தட்டிவிட்டு ஜனார்த்தனன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வசனம் கம்பீரமாக விழுந்திருந்தது. அண்ணன் வீரக்குட்டி முந்தாநாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். பதினொரு வருடம் வடதுருவப் பக்கம் டாக்சி ஓட்டியவர், கலியாணம் கட்டாதவர். இருந்த ஒரே தம்பி மரண அறிவித்தலையாவது ஒழுங்காகப் போடவேண்டாமா? போட்டார். தன் வீட்டைச் சுற்றி மல்வேர்னிலிருந்து அஜக்ஸ் வரை இருந்த அத்தனை வட்ஸ்அப் குழுவுக்கும் போயிற்று.

பத்தாவது நிமிடம் அழைப்பு வந்தது. அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்த டாக்சிக்காரர் அன்புராசா. ஜனார்த்தனன் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணை, நோட்டீஸ் பாத்தனான். ஊர் பிழைச்சுப் போச்சு.”

“ஏன், களுவாஞ்சிகுடிதானே?”

“அது சரி. உந்த மற்ற ஊர். நாங்கள் இருக்கிறது இனுவிக் எண்ட ஊரெல்லோ. இக்காலுவிட் கிழக்கால மற்றக் கரை.”

“ஓ… அவசரத்தில…” என்றார். பதினொரு வருட அவசரம்.

மேசைக்கு அந்தப் பக்கம் மகள் யதுஷா தன் போனில் வரைபடத்தை விரித்துவிட்டாள். “அப்பா, ரெண்டு ஊருக்கும் இடையில பிளேன் பறக்கிற தூரமே ரூ தௌசண்ட் எய்ற் ஹண்ட்ரட் கிலோமீற்றர்ஸ்! டிரெக்ட் ஃபிளைற்றும் இல்ல. ஹவ் டிட் யூ மிஸ் தற்?”

தவறவிடுவது ஒன்றும் கஷ்டமில்லை. அண்ணன் அங்கே போய் முதல் தடவை பேசியபோது லைன் சரியில்லை. ‘இ’ என்று தொடங்கும் ஏதோ ஊர். திருப்பிக் கேட்க வெட்கம். வரைபடத்தில் தேடியபோது ‘இ’யில் ஒரு பனியூர் அகப்பட்டது. அதன் வானிலையைப் போனில் ஏற்றிவைத்தார்; நேரமும் இங்கத்தைய நேரமேதான். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழுக்கு எடுத்து, “அண்ணன், அங்க இண்டைக்கு மைனஸ் இருவத்தெட்டாம், காதை மூடிக்கொண்டு போங்க” என்பார். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று தன்னைத் தானே மெச்சியும் கொள்வார். “ஓம் தம்பி, சரியான குளிர்தான்” என்பார் வீரக்குட்டி. ஒருநாளும் திருத்தவில்லை.

“ஒண்டு கேக்கட்டே அண்ணை?” அன்புராசாவின் குரல் தயங்கியது. “ஞாயிறில ஏன் விடிய அஞ்சுக்கு எடுக்கிறனீங்கள்?”

“ஏழுக்கெல்லோ எடுக்கிறன்?”

“உங்கட ஏழு. இஞ்ச அஞ்சு. சனி ராவு டாக்சி ஓட்டம் முடிச்சு உங்கட அண்ணர் மூண்டுக்குத்தான் வந்து படுப்பார். நாலேமுக்காலுக்கு அலாம் வைச்சு எழும்பி, தேத்தண்ணி குடிச்சு, தொண்டையைச் செருமிக்கொண்டு இருப்பார். ‘நித்திரைக் குரல் கேட்டா தம்பி பிறகு எடுக்கமாட்டான்’ எண்டுவார்.”

அடுப்படியில் மனைவி நாகேஸ்வரியின் அகப்பை நின்றது. யதுஷா தன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜனார்த்தனன் அறிவித்தலைத் திருத்தினார். ஊர்ப்பெயரில் முதல் எழுத்து ஒன்றுதான் தேறியது.

மூன்று பிளேன் மாறி, சனிக்கிழமை அண்ணனின் பெட்டி வந்து சேர்ந்தது. ஞாயிறு காலை ஏழிலிருந்து குடும்பத்தவர் பார்க்க வரலாம் என்று இறுதிச்சடங்கு மண்டபத்தில் சொல்லியிருந்தார்கள்.

“ஏழாகுது, வெளிக்கிடுங்க. அவரத் தனிய விட்டிட்டு…” என்றாள் நாகேஸ்வரி, வாசலில் கோட்டோடு. வெளியே கார் சூடாகிக்கொண்டிருந்தது.

ஜனார்த்தனன் வேட்டி சால்வையோடு மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்தார். ஒரு காலில் சப்பாத்து ஏறியிருந்தது.

“ஒன்பதுக்குப் போவம்.”

“ஒன்பதுக்கா? ஏன்?”

“அண்ணனுக்கு இப்பதான் அஞ்சு.” அவர் குனிந்து, கட்டிய நாடாவை மெல்ல அவிழ்த்தார்.

 நாகேஸ்வரி வெளியே போய்க் கார் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தாள்.