மெலிட்டாவின் இரண்டு கைகள்

அமாண்டுஸ் ரூப்பெனுக்குப் பேச வராது என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். பனிச்சரிவைப் பற்றிக் கேளுங்கள், விடிய விடியப் பேசுவான். கயிற்று முடிச்சைப் பற்றிக் கேட்டால், கேட்டவர்தான் தப்பித்து ஓட வேண்டும். மலையேறுபவர்கள் தங்கும் கால்மென் குடிலை நடத்தும் மெலிட்டாவின் முன்னால் மட்டும் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மலைகளில் அவன் வழிகாட்டி. கோடை முழுக்க ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு குடில் குடிலாக, கணவாய் கணவாயாக நடப்பதுதான் பிழைப்பு. மூன்றாம் நாள் ராத்தங்கல் எப்போதும் மெலிட்டாவின் குடிலில். போகும்போதெல்லாம் அவளுக்கு ஏதாவது கொண்டுபோவான். ஒரு முறை பனி வாரும் மண்வெட்டி. ஒரு முறை கூர் தீட்டிய பனிக்கோடாலி. போன வருஷம் நல்ல உறுதியான இரும்புக் கொக்கி ஒன்று. ஐம்பதை நெருங்கும் ஆம்பளை இதையெல்லாம் காதல் பரிசு என்று நினைத்துக் கொடுத்தான் என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

இந்த முறை வந்த கூட்டத்தில் எட்டுப் பேர். அதில் வாய் இருந்தது ஒருத்திக்குத்தான், ஸூரிச்சிலிருந்து வந்த ரெகூலா. அவள் புருஷன் எர்வின் பறவைப் பைத்தியம். கழுத்தில் தொங்கும் தொலைநோக்கியைத் தூங்கும்போதும் கழற்ற மாட்டான்.

முதல் நாளே ரெகூலா வாங்கிக் கட்டிக்கொண்டாள். பாறை மேல் ஏறி நின்று, போட்டோவுக்காக இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி விரித்தாள்.

"கையக் கீழ போடுங்க!" அமாண்டுஸ் கத்திய கத்தலில் மேய்ந்துகொண்டிருந்த மாடு நிமிர்ந்து பார்த்தது. "ஹெலிகாப்டர்காரன் பாத்தா இறங்கிடுவான். ரெண்டு கையும் மேல போனா 'ஆமா, வந்து காப்பாத்து'ன்னு அர்த்தம். ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னா 'வேணாம், போ'. சாகக் கிடந்தா மட்டும் ரெண்டு கையையும் தூக்குங்க."

"சந்தோஷமா இருந்தா?"

"சந்தோஷமா இருந்தா கையப் பைக்குள்ள வச்சுக்குங்க."

இரண்டாம் நாள் பகலில், பனி உருகி வரும் ஓடையில் அமாண்டுஸ் முகம் மழித்துக்கொண்டிருந்தான். அந்தத் தண்ணீரில் விரலை வைத்தாலே விறைத்துப்போகும்.

"யாருக்காக இந்த அழகு?" என்றாள் ரெகூலா.

"வெயிலுக்கு."

"வெயிலுக்குப் பேரு இருக்குமே?"

அடுத்த ஏற்றம் முடிவதற்குள் பேரையும் ஊரையும் கறந்துவிட்டாள். அதன் பிறகு எட்டுப் பேருக்கும் மலையும் தெரியவில்லை, பூவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் குடிலுக்குள் நுழைந்ததும் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள்.

மெலிட்டா அப்படியொன்றும் காட்சிப் பொருள் இல்லை. அகன்ற தோள், சுட்ட ரொட்டி நிறத்தில் முகம். "பூட்ஸ் வெளியே!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் அறுபது பேர் குனிவார்கள். அமாண்டுஸ் அன்று ஐந்து கிண்ணம் பார்லி சூப் குடித்தான். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் எழுந்து அவளிடம் போனான். ஒவ்வொரு முறையும் சூப்போடு மட்டும் திரும்பி வந்தான்.

"இன்னொரு கிண்ணம் குடிச்சா வயிறு வெடிச்சே செத்துடுவாரு," என்று ரெகூலா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் அது நாலாம் நாள் காலையில், எல்லோரும் குடுவையில் டீ வாங்க வரிசையில் நிற்கும்போது நடந்தது. அமாண்டுஸின் முறை வந்தது. குடுவையை நீட்டினான்.

"மெலிட்டா, உன் விறகு அடுக்கு ஒரு பக்கமா சரிஞ்சு நிக்குது."

"சரி, அதுக்கு?"

"பனி விழுந்ததும் குடிலப் பூட்டிட்டு நீ தங்கச்சி வீட்டுக்குத்தானே போற? என் வீட்டுலயும் விறகு இருக்கு. ரெண்டு பேரு சேந்து அடுக்கினா... நேரா நிக்கும்."

மெலிட்டா ஊற்றிய டீ, குடுவை நிரம்பி அவன் கையில் கொட்டியது. சுட்டது. அவன் அசையவில்லை.

"நீ கேக்கறது நான் நெனைக்கறதுதானா?" என்றாள் மெலிட்டா.

"அதேதான்," என்று அவன் தன் காலைப் பார்த்துச் சொன்னான்.

"இத்தன வருஷம் சும்மா இருந்துட்டு, டீ ஊத்துற நேரத்துலயா கேப்ப? நான் யோசிக்கணும்."

"அப்ப ரேடியோவுல சொல்லு."

"ரேடியோவுலயா? பள்ளத்தாக்கு மொத்தமும் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும், உனக்குத் தெரியாதா? நீ கணவாய்க்கு ஏறினதும் திரும்பிப் பாரு. நான் கொடிமரத்துகிட்ட வந்து நிப்பேன். ரெண்டு கையும் தூக்கினா சரின்னு வச்சுக்க. ஒரு கைன்னா, வழியப் பாத்துப் போயிடு. நகரு, பின்னாடி ஆளு நிக்குது."

மெதுவாக நட, மூச்சை அளந்து விடு என்று மூன்று நாளாகப் பாடம் எடுத்தவன் அன்று கணவாய் மேல் ஏறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. பின்னால் எட்டுப் பேருக்கும் நாக்குத் தள்ளியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர்களுக்கும் பதில் வேண்டியிருந்தது.

உச்சியில் ஏறித் திரும்பிப் பார்த்தார்கள். கீழே குடில் இருந்த இடத்தில் பால் பொங்கியதுபோல் மேகம்.

"எர்வின், தொலைநோக்கியக் கண்ணுல வைங்க!" என்றாள் ரெகூலா. "என்ன தெரியுது?"

"வெள்ளையா ஏதோ தெரியுது."

"கொடியா?"

"மேகம்."

காத்திருந்தார்கள். காற்று ஒரு தரம் மேகத்தைக் கிழித்தது.

"ஆளு நிக்குது!" எர்வின் குதித்தான். "கை தெரியுது! ஒரு கை மேல போயிருக்கு!"

"இன்னொரு கை?" அமாண்டுஸின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கொடிமரம் மறைக்குது. இருங்க, இருங்க... ஐயோ, மூடிக்கிச்சு."

அமாண்டுஸ் ஒரு கல்லில் உட்கார்ந்தான். வேறொருவரின் பையிலிருந்த சாக்லேட்டை எடுத்துப் பிரித்து முழுவதையும் தின்றான். சாக்லேட்டின் சொந்தக்காரர் தண்ணீரையும் எடுத்து நீட்டினார். 'ஒரு கைதான். ஒரு கையாகத்தான் இருக்கும். மண்வெட்டி கொடுத்தவனுக்கு ஒரு கையே அதிகம்' என்று அவன் மனசு அவனையே திட்டியது. அழுகை வந்தது. வழிகாட்டி அழக் கூடாது என்பதால் கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

அப்போது பள்ளத்தாக்குப் பக்கமிருந்து ஹெலிகாப்டர் சத்தம் வந்தது. மேகத்துக்கு அடியில் எங்கேயோ சுற்றியது. பையில் மாட்டியிருந்த ரேடியோ கரகரத்தது. மீட்புக் குழுவில் இருக்கும் அவன் சித்தப்பா மகன் கிலியானின் குரல்.

"கால்மென் குடில் மேல இருக்கோம். கொடிமரத்துகிட்ட ஒரு பொம்பள ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்குது. ரொம்ப நேரமா நிக்குது போல. இறங்கறோம்."

எட்டுப் பேரும் போட்ட கூச்சலில் பாறைக்காக்கைகள் பறந்தன. அமாண்டுஸ் ரேடியோவைத் தலைகீழாகப் பிடித்துக் கத்தினான். ரெகூலா அதை நேராக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"கிலியான், இறங்காத! அது எனக்கு!"

"அண்ணனா? எது உனக்கு?"

"கை!"

"எந்தக் கை?"

"ரெண்டும்!"

"வெயில்ல ரொம்ப நின்னுட்டியாண்ணே? ரெண்டு கை தூக்கினா கேள்வி கேக்காம இறங்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். இறங்கறோம்."

இறங்கினார்கள். அன்று கம்பளி உலர்த்தும் நாள். குடிலின் கம்பளி அத்தனையும் வெளியே துணிக்கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் விசிறியின் காற்று என்ன செய்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவில் மெலிட்டாவின் குரல் வந்தது.

"அமாண்டுஸ்! என் கம்பளி பூராவும் பள்ளத்துல கெடக்குது."

"மெலிட்டா, நீ ரெண்டு கையா தூக்கின?"

"தூக்கினேன். தோள் செத்துப்போற வரைக்கும் தூக்கினேன். இப்ப இறக்கிட்டேன்."

அமாண்டுஸின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இறக்கிட்டன்னா... இல்லைன்னு அர்த்தமா?"

"அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல நீ கேட்டது என்ன? விறகு அடுக்க ஆளு கேட்டியா, பொண்டாட்டி கேட்டியா? நின்னு நின்னு யோசிச்சேன், எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பள்ளத்தாக்கே கேட்டாச்சு, இனி ஒளிக்க என்ன இருக்கு? ஒழுங்கா வாயத் தொறந்து கேளு."

ரேடியோவில் வேறொரு கிழக் குரல் நுழைந்தது. அடுத்த மலையின் குடில்காரர்.

"சீக்கிரம் கேளுடா டேய். இங்க சூப்பு அடிப்பிடிக்குது."

அமாண்டுஸ் எழுந்து நின்றான். ரெகூலா அவன் முதுகில் கை வைத்தாள், தள்ளுவதற்கா தாங்குவதற்கா என்பது அவளுக்கே தெரியாது.

"விறக நானே அடுக்கிக்கறேன்," என்றான். "அது சரிஞ்சா சரிஞ்சுட்டுப் போகட்டும். சூப்பு குடிக்கத்தான் இந்தப் பக்கமா வர்றேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருந்தேன். எனக்குப் பார்லியே புடிக்காது. மெலிட்டா, நீ இல்லாம எனக்கு முடியல. என்னக் கட்டிக்கறியா?"

ரேடியோ கரகரவென்றது. அடுத்த மலைக் கிழவர்கூட வாயை மூடிக்கொண்டார்.

"பார்லி புடிக்காதா?" என்றாள் மெலிட்டா.

"புடிக்காது."

"அஞ்சு கிண்ணம் குடிச்சியேடா, பாவி." அவள் குரல் உடைந்தது. "கட்டிக்கறேன். கட்டிக்காம என்ன பண்ணப் போறேன். இறங்கி வந்து கம்பளியப் பொறுக்கு."

கூட்டம் அன்று கணவாயைத் தாண்டவில்லை. வானம் தெளிந்து, வழி நன்றாக இருந்தும், காசு கொடுத்து வந்த எட்டுப் பேரும் ஏறிய மலையிலிருந்து ஒரே மனசாக இறங்கினார்கள். பள்ளத்தில் புதர் புதராகத் தேடிக் கம்பளி பொறுக்கினார்கள். எர்வின் தொலைநோக்கியால் பார்த்துச் சொல்ல, கிலியான் ஓடி எடுத்தான்.

அமாண்டுஸ் மெலிட்டாவின் முன்னால் வந்து நின்றான். நாக்கு மறுபடியும் ஒட்டிக்கொண்டது. அவள் ஒரு கம்பளியின் இரண்டு மூலைகளை அவன் கையில் திணித்தாள்.

"இழுத்துப் பிடி."

பிடித்தான். உதறினார்கள். ஆளுக்கொரு பக்கமாக வந்து மூலையோடு மூலை சேர்த்தார்கள். கை கையைத் தொட்டது. எட்டுப் பேரும் ஹெலிகாப்டர்காரர்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இங்க என்ன வேடிக்க? உள்ள போயி சூப்பு குடிங்க!" என்று மெலிட்டா ஒரு குரல் கொடுத்தாள். எல்லோரும் உள்ளே ஓடினார்கள்.

ரெகூலா மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மலைபோல் கம்பளி கிடக்க, அவர்கள் இருவரும் மடித்து முடித்த கம்பளியையே பிரித்து, தள்ளிப் போய், மறுபடி மடிக்கக் கிட்டே வந்துகொண்டிருந்தார்கள்.