ஜெனிதா பேரில் ஒரு மேசை

ஐந்தரைக்கு எழும்புகிறேன். தண்ணீர் மோட்டரைப் போடுகிறேன். பாண் வாங்கி வருகிறேன். தேத்தண்ணீர் ஒரு கோப்பை. சேர்ட்டை இஸ்திரி போட்டு மினுக்கி, பின்கதவைப் பூட்டி, ஏழேகாலுக்கு வேலைக்குப் போகிறேன். அந்தச் சனிக்கிழமை வேலை இல்லை. சேர்ட்டை மினுக்கினேன்.

முதல்நாள் ஹோட்டலிலிருந்து அழைத்திருந்தார்கள். "ஜெனிதா மேடத்தின்ர பேரில நாளைக்கு மத்தியானச் சாப்பாடு. ரெண்டு பேர்தானே?"

"ஓம்" என்றேன்.

ஜெனிதா என் மனைவி. டெங்குக் காய்ச்சலில் இறந்து ஆறு கிழமை. துறைமுகத்தைப் பார்த்த மேசை வேண்டுமென்று இரண்டு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தாள், எங்கள் கலியாண நாளுக்கு. அவளுடைய அம்மா அருள்மலர் மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸுஹைர் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பணியாளர் பதிவைப் பார்த்தார். "ஜெனிதா மேடம்?" என்று மாமியைக் கேட்டார்.

மாமி என்னைப் பார்க்கவில்லை. "ஓம்" என்றார்.

சூப் நன்றாக இருந்தது. மீன் உள்ளே குளிர்ந்து கிடந்தது. சுற்றிவர வெள்ளை நுரை.

"இதென்ன தம்பி, பீங்கானைக் கழுவி முடிக்காமல் கொண்டந்திட்டினமோ?"

"தேங்காய்ப்பால் நுரை மாமி."

"அப்ப சொதி எண்டு சொல்லுறதுதானே."

நண்டு வந்தது. மாமி கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் உடைத்தார். "இது சாப்பாடு" என்றார். சோறு இரண்டு வாய்க்குத்தான் காணும். இன்னும் கொஞ்சம் கேட்டோம். இருபது நிமிடம் வரவில்லை.

மாமி கையைத் துடைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். கல்லறைக் கல்லுக்கான வாசகம். பெயர், திகதிகள், அடியில் 'இயேசு மரி சூசை என்று சொல்லிக் கண்மூடினாள்.'

"கல்லு வெட்டுற சிந்துஜன் திங்கட்கிழமை தொடங்குறானாம். எழுத்துப் பிழை இருக்கோ பாருங்கோ. நீங்கள் படிச்ச ஆள்."

எழுத்துப் பிழை இல்லை.

எங்கள் சனம் சாகிறவரின் காதில் அந்த மூன்று பெயர்களையும் சொல்லிக் கொடுக்கும். அவர் திருப்பிச் சொல்லிவிட்டால் வீட்டாருக்கு நிம்மதி. தன் கணவர் லெஸ்லி மாமாவுக்கு மாமிதான் சொல்லிக் கொடுத்தார். மகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "சொன்னவளோ தம்பி?" என்று என் சேர்ட்டைப் பிடித்துக் கேட்டார். அன்றைக்கும் ஓம் என்றுதான் சொன்னேன். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டையில் அதை அச்சடித்தார். அட்டை அலுமாரிக்குள் போய்விடும். இது கல்.

"மாமி, அவள் அதைச் சொல்லேல்லை. நானும் சொல்லிக் குடுக்கேல்லை. சாவாள் எண்டு நான் நினைக்கேல்லை."

மாமி கடதாசியை வாங்கி நான்காக மடித்தார். நண்டு ஓடுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஸுஹைர் சோற்றோடு வந்தார். "எல்லாம் ஓகேயா, ஜெனிதா மேடம்?"

"நண்டு நல்லம்" என்றார் மாமி. அவர் போகும்வரை பொறுத்திருந்தார்.

"பின்னை என்னதான் சொன்னவள்?"

சொன்னேன்.

ஜெனிதா கடைசியாகச் சொன்னது: "அந்த மேசையைக் கான்சல் பண்ணிப்போடாதேங்கோ. அம்மாட்டச் சொல்லவேண்டாம், அவவும் எங்களோட வர வெளிக்கிட்டு நிப்பா."