நீர்யானை முதலில் கையை எடுக்காது

பேச்சு போன மனிதரிடம் எல்லாரும் ஏன் கத்துகிறார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். பக்கவாதத்தில் ஷவ்கிக்குப் போனது பேச்சும் வலது பக்கமும்தான், காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஷுப்ரா பேட்டையில் அந்த ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்த ஒவ்வொருவரும் எதிர்ச் சாரி வீட்டுக்காரனைக் கூப்பிடுவது போலத்தான் அவரிடம் பேசினார்கள். அவரோடு முன்பு வேலை பார்த்த நாஹித் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது, ஷவ்கியின் மகள் ரீஹாமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

“அப்பா, என்கூட எங்க ஊருக்கு, இஸ்மாயிலியாவுக்கு வர்றீங்களா, இங்கயே இருக்கீங்களா? தலையாவது ஆட்டுங்களேன்.”

ஷவ்கி கண்ணை மூடிக்கொண்டார்.

“பாத்தீங்களா ஆன்ட்டி? வந்ததுலேருந்து இதேதான். என் வீட்டுக்காரர் கீழே வேனோட நிக்கறாரு. இவர் வர்றேன்னா கூட்டிட்டுப் போறேன், வேணாம்னா ஒரு ஆள் போடறேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை…” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நீங்க கேளுங்க. உங்ககிட்ட சொல்வாரு.”

கேட்டுச் சொல்லத்தான் நாஹித்தை வரச் சொல்லியிருந்தாள். ஆனால் நாஹித் வந்தது சண்டை போட. ஷவ்கி எங்கேயும் போகக் கூடாது. பக்கத்துத் தெருவில்தான் அவள் வீடு. காலையில் ஃபூல் என்னும் மொச்சை மசியலும் ரொட்டியும், சாயங்காலம் தேநீரும் அவளே கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு, பழைய கதை பேசிச் சிரிக்க அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு மனிதர்தான். அவர் பதில் சொல்லாவிட்டால் என்ன, கேட்டுக்கொண்டிருந்தால் போதாதா?

அந்தப் பழைய கதையெல்லாம் பாலைவனச் சாலையில் இருந்த கேளிக்கைப் பூங்காவில் நடந்தது. அங்கே நாஹித் ஒரு நீர்யானை. பெயர் புந்துக், நிறம் ஊதா, பெரிய தொப்பை. அவளுடைய அம்மா சொந்தக்காரர்களிடம் மகளுக்குக் கணக்குப் பிரிவில் வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். வேடத்துக்குள் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. புந்துக் தலையை ஆட்டும், தொப்பையைத் தட்டும். அது என்ன சொன்னது என்று பக்கத்தில் நிற்கும் துணையாள் ஷவ்கி எடுத்துச் சொல்வார். அவர் சொன்னதில் பாதி புளுகு.

“புந்துக் என்ன சொல்றான்னா, நீ மொலோகியாக் கீரை சாப்பிட மாட்டியாமே, அவன் தெனம் ஒரு வாளி சாப்பிடறானாம்.”

உடை மாற்றும் அறையில் நாஹித் சண்டைக்குப் போவாள். “நான் எப்போ அப்படிச் சொன்னேன்? எனக்கு மொலோகியாவே ஆகாது.”

“புந்துக்குக்கு ஆகும். உன்னை யாரும்மா கேட்டா?”

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஷவ்கி விளையாடியதே இல்லை. கோடையில் அந்தப் பஞ்சு உடம்புக்குள் மனுஷி வெந்துபோவாள். அவ்வப்போது அவர் அவள் முழங்கையை அழுத்துவார். முடிகிறதா என்று அர்த்தம். அவர் உள்ளங்கையை அவள் ஒரு தரம் அழுத்தினால் இருக்கிறேன். இரண்டு தரம் அழுத்தினால், முடியவில்லை, கூட்டிக்கொண்டு போ. குழந்தைகளுக்குத் தெரியக் கூடாது, அதற்காகத்தான் அந்தக் கை பாஷை. இரண்டாவது அழுத்தல் விழுந்த நொடியே, “புந்துக்குக்குப் பசிக்குதாம்” என்று அவளை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அவள் தள்ளாடியது ஒருத்தர் கண்ணிலும் பட்டதில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. குழந்தை கட்டிப்பிடித்தால் நீர்யானை முதலில் கையை எடுக்கக் கூடாது. எப்போது விடுவது என்பது குழந்தையின் இஷ்டம். ஒரு நாள் கண்ணாடி போட்ட ஒரு சிறுமி புந்துக்கைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. புந்துக் போக வேண்டிய அணிவகுப்பின் மேளம் தொடங்கிவிட்டது, மேற்பார்வையாளர் சுவருக்குப் பின்னால் மீசையை மென்றுகொண்டிருந்தார். ஷவ்கி முழங்கையை அழுத்தினார். நாஹித் ஒரே தரம் திருப்பி அழுத்தினாள்.

“அணிவகுப்பு கெடக்கட்டும் சார். புந்துக் வேலையா இருக்கான்” என்றார் ஷவ்கி, மேற்பார்வையாளரிடம்.

எவ்வளவு நேரம் என்று நாஹித்துக்கு நினைவில்லை. வியர்வை கண்ணில் இறங்க, இருட்டுக்குள் அந்தச் சின்னக் கைகளின் பிடியை உணர்ந்துகொண்டு நின்றாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் வேறெங்கும் நின்றதில்லை.

இப்போது கட்டிலோரம் உட்கார்ந்தவள், ஷவ்கியின் இடது கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கத்தாமல், யோசிக்காமல், அவர் முழங்கையை அழுத்தினாள்.

ஷவ்கி கண்ணைத் திறந்தார். அவருடைய விரல்கள் அவள் கையை அழுத்தின. மறுபடியும் அழுத்தின.

கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தாள். இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தாள். மெதுவாக, தெளிவாக, அதே இரண்டு.

“ஏதாவது தெரியுதா ஆன்ட்டி?” ரீஹாம் குனிந்தாள். “என்ன சொல்றாரு?”

ரீஹாமுக்கு இந்தப் பாஷை தெரியாது. இங்கேயே இருக்கிறாராம் என்று நாஹித் சொன்னால், அதுவே அவர் வார்த்தையாகிவிடும். மறுத்துச் சொல்ல அவருக்கு வாய் இல்லை. அந்தப் பொய் அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளுக்கு முன்னால் முடியவில்லை என்று தலையாட்ட வெட்கப்பட்டுத்தான் மனிதர் இத்தனை நேரமும் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறார். அது புரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

“உன் பசங்கள பாக்கணுமாம். எப்போ கெளம்பறோம்னு கேக்கறாரு.”

ரீஹாம் அழுதுகொண்டே அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். கீழே இறங்கிக் கணவனிடம் சொல்லவும், அவரைத் தூக்க ஆள் பிடிக்கவும் ஓடினாள். ஷவ்கியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்புதான்.

“என்ன சிரிப்பு? உங்ககிட்ட கத்துக்கிட்ட புளுகுதான்” என்றாள் நாஹித்.

குனிந்து விடைபெறப் போனபோது அவருடைய இடது கை அவள் தோளைச் சுற்றி விழுந்தது. பூங்காவில் அத்தனை வருடமும் அவர் அவளைத் தொட்டது முழங்கையில் மட்டும்தான், அதுவும் பஞ்சுக்கு மேலே. கீழே வேன் ஹாரன் அடித்தது. அவர் கையை எடுக்கட்டும் என்று நாஹித் காத்திருந்தாள். அவர் எடுக்கவில்லை. இறுக்கவும் இல்லை, கை சும்மா இருந்தது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. இப்போது உள்ளே இருப்பவர் அவர். வாய் பேசாமல், வெளியே வர வழியில்லாமல் உள்ளே இருப்பவர். விதிப்படி அவர் முதலில் கையை எடுக்க மாட்டார். விடுவது அவள் இஷ்டம்.

“கெடக்கட்டும்” என்றாள் ஹாரன் வந்த பக்கம் பார்த்து, அவரைக் கட்டிக்கொண்டு.

படியில் ஆட்கள் ஏறிவரும் சத்தம் கேட்டது. நாஹித் தன் கையை எடுத்தாள்.