தொம்மலூர் மளிகே

மளிகைக் கடைக்கு எதற்கய்யா தகடு வெட்டும் பவர் பிரஸ்? மனுவைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. எனக்கு இரண்டும் அடுத்தடுத்துதான் வரும்.

1959ஆம் வருஷம். பெங்களூரில் சிறுதொழில் ஆபீஸ் ஒன்றில் நான் இன்ஸ்பெக்டர். பட்டறைக்காரர்களுக்குச் சர்க்கார் தவணை முறையில் இயந்திரம் கொடுக்கும் திட்டம் அப்போது புதிது. பொருள் செய்கிறவர்களுக்கு மட்டும்தான். வாங்கி விற்கிறவர்களுக்குக் கிடையாது.

மனு போட்டவள் தொம்மலூர் சின்னத்தாயி. யாரிடமோ சொல்லிக் கன்னடத்தில் எழுதி வாங்கியிருந்தாள். ‘எங்கள் மளிகேயில் வைக்க ஒரு பவர் பிரஸ் வேண்டும்’ என்று ஆரம்பித்திருந்தது. நான் திருச்சியிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பேப்பர் படித்தே கன்னடம் கற்றுக்கொண்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். மளிகே என்றால் மளிகை, இதில் என்ன சந்தேகம்? அதற்கு மேல் படிக்கவில்லை.

விதிப்படி நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். பிப்ரவரிக் கடைசி, மேஜை நிறைய ஃபைல். இருந்த இடத்திலிருந்தே எழுதினேன்: ‘நேரில் சென்று பார்த்தேன். மளிகைக் கடை. தொழில் எதுவும் நடக்கவில்லை. தள்ளுபடி.’

பத்தாம் நாள் சின்னத்தாயி வந்தாள். தள்ளுபடிக் கடிதத்தையும் ஓர் இரும்புக் கீலையும் என் மேஜைமேல் வைத்தாள்.

“யாரு கடையப் பாத்துட்டு எழுதினீங்க சார்?”

“உன் கடையைத்தான். அரிசி பருப்பு விக்கிறவளுக்கு மெஷின் எதுக்கு?”

“அரிசியா? கதவுக்குக் கீல் அடிக்கிறோம் சார், நானும் எங்க வூட்டுக்காரரும். கைப்பிரஸ்ஸ இழுத்து இழுத்து அவருக்குத் தோள்பட்டையே போச்சு. மெஷின் வரலேன்னா பட்டறைய மூடிட்டு மில்லுல மூட்டை தூக்கத்தான் போவணும். அந்தத் தோள வெச்சிக்கிட்டு என்னாத்த தூக்கறது?”

“கத்தாதே! கண்ணால பார்த்தேன்!” கத்தியது நான்தான்.

சத்தம் கேட்டு சூப்பரின்டென்ட் சேஷகிரி எழுந்து வந்தார். மூன்று தலைமுறையாக மைசூர் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. மனுவைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஓய் சுப்ரமணியன்! கன்னடத்துல மளிகேன்னா கடை ரூம். வரிசையாக் கட்டி வாடகைக்கு விடுவாளே, அது. உப்பு புளி இல்லேய்யா! அடுத்த வரியிலேயே ‘கீலு’ன்னு இருக்கே. அர்த்தம் தப்பாப் புரிஞ்சுதுன்னு எழுதிக் குடும், சரி பண்ணிடலாம்.”

என் ரிப்போர்ட்டைப் புரட்டியதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“அர்த்தம் தப்பு, சரி. ஆனா நேர்ல போய் எதைப் பார்த்தீர்?”

வேலை போனால் நான், மனைவி, இரண்டு குழந்தைகள், எல்லோரும் தெருவில்தான். அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினேன்.

“அம்மா, போன மாசம் வரைக்கும் அங்கே மளிகைக் கடைதான் இருந்ததுன்னு எழுதிக் குடுத்துடுங்க. அடுத்த வருஷம் நானே மெஷின் வாங்கித் தரேன்.”

“அடுத்த வருஷமா? அவரு தோளு தாங்குமா அது வரைக்கும்? நீங்க வரலேன்னு நீங்க எழுதுங்க சார். நான் ஏன் பொய் எழுதணும்?”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேனாவை எடுத்தேன். ‘நான் போகவில்லை. பார்க்காமலே எழுதினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“வேலைக்கே வேட்டு வெச்சுக்கறீரே” என்று முணுமுணுத்தார் சேஷகிரி. ஆனாலும் காகிதத்தை வாங்கிக்கொண்டார். “நாளைக்கு நானே வந்து பார்க்கறேம்மா. மார்ச்சுக்குள்ள உத்தரவு ஆயிடும்.”

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எவ்வளவு திமிர் எனக்கு! அவள் கீலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, என் மேஜைமேல் கிடந்த ஃபைல்களைப் பார்த்தாள்.

“இதே மாதிரி இன்னும் எத்தினி பேருக்கு எழுதினீங்க சார்?”

சேஷகிரியும் என்னைப் பார்த்தார்.

“பதினாலு பேருக்கு” என்றேன்.