தட்டி எழுப்பின செல்

அண்ணன் விரலில் எச்சிலைத் தொட்டு, பேட்டரி செல்லின் தலையில் கசிந்திருந்த கறையைத் துடைத்தான். அந்த விரலையே சட்டையில் தடவிக்கொண்டான். தங்கை முகத்தைச் சுளித்தாள். சீ, மனுஷனா இவன்!

கடை இருவருக்கும் பாதிப்பாதி. பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து, உள்ளே செத்துக் கிடக்கும் லித்தியம் செல்களைப் பிழைக்க வைப்பது அவன் வேலை. அவற்றைச் சேர்த்துக் கட்டுவது அவள் வேலை. அடியோடு இறங்கிப்போன செல்லை ஸ்மார்ட் சார்ஜர் ஏற்காது, சிவப்பு விளக்கைப் போட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அண்ணன் விடுவானா? நல்ல செல் ஒன்றை ஒயரால் அதோடு சேர்த்து இரண்டு நிமிஷம் பிடிப்பான். கொஞ்சம் வோல்ட் ஏறியதும் சார்ஜர் ஏமாந்துபோய் மெள்ள ஏற்றத் தொடங்கும். மத்தியானத்துக்குள் பச்சை.

பச்சை எரிந்தாலும் ஒரு வாரம் டிராயரில் போட்டு வைத்து அளக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். வோல்ட் அப்படியே நின்றால் டார்ச்சுக்கு, இறங்கினால் குப்பைக்கு.

இன்று மேஜைமேல் ஒரு பேட்டரி, புத்தம்புது நீல உறையோடு இருந்தது. இது அவள் கட்டியதில்லை. எடுத்துப் பார்த்தாள். சும்மா கிடந்த சாமான் கதகதவென்றிருந்தது. உறையின் ஓரத்தை மட்டும் விலக்கி மீட்டரை வைத்தாள். இரண்டு செல் பாதிக்கு இறங்கியிருந்தன. மேலே 'புதியது' என்று ஸ்டிக்கர் வேறு.

"இது யாருக்கு?"

"மூச்சு மெஷின்காரம்மாவுக்கு. கரண்ட் போறப்ப அவங்க வீட்டுக்காரருக்கு வேணுமாம்."

"அடப்பாவி! இது டிராயர்ல ஒரு நாள் கூட கெடக்கலயே. பாதி ராத்திரில நின்னுபோச்சுன்னா அந்த மனுஷன் கதி?"

"பச்சை எரிஞ்சுதா இல்லயா? சும்மா நொய்நொய்ங்காத."

சொல்லி வாய் மூடவில்லை, அந்தம்மாவே வாசலில் வந்து நின்றார்.

"வாங்கக்கா, வாங்க! உங்களுக்குன்னே புதுசா கட்டி வச்சிருக்கேன்" என்று அண்ணன் குழைந்தான். அந்தக் குழைவைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவனைக் கூடப்பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே அருவருப்பாக இருந்தது.

அந்தம்மா கையை நீட்டினார். அதற்குள் தங்கை பேட்டரியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு வேற தரேன். இத அண்ணன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். அண்ணி எமர்ஜென்சி லைட்டுக்கு பேட்டரி கேட்டாங்க, பாப்பா தொட்டில்கிட்ட வைக்கணுமாம்" என்றாள், வேண்டுமென்றே.

"ஏய், லூசா நீ?" அண்ணன் பதறி எழுந்தான். "புள்ள தூங்குற எடத்துல கொண்டுபோய் இதயா வைப்ப? தீப்பிடிச்சா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்தம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவனையே பார்த்தார்.

"எங்க வீட்லயும் ஒருத்தர் தூங்குறார், தம்பி" என்றார்.