பச்சை ஸ்டிக்கர்

பஸ் டிப்போவில் அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். விசில் கேட்கும் முன்பே வண்டியைக் கிளப்பிவிடும் டிரைவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அன்று அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறந்த குழந்தையோடு மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாள். மேகம் ஜன்னலில் எட்டிப் பார்க்கும் அந்த மலை ஊரில், அவன் வீட்டுச் சுவரிலும் ஒருவழியாக, தண்ணீரையும் அறையையும் சூடாக்கும் புத்தம்புது கேஸ் பாய்லர் ஏறிவிட்டது.

"பாத்தியா மாப்ளே! குழாயைத் திருகினா சுடுதண்ணி! ரூமே கதகதன்னு இருக்குல்ல!"

மாப்ளே என்றது மனைவியின் தம்பியை. கேஸ் ஆபீஸில் பரிசோதகர் வேலை. அவன் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால்தான் பாய்லரைப் பயன்படுத்தலாம். எவன் வீடாக இருந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டான்.

மச்சினன் பாய்லரின் தகட்டைப் படித்தான். முகம் மாறியது.

"மாமா, இது கீழ ஊர்ல வாங்கினதா? ரெண்டாயிரம் அடி உயரம் வரைக்கும்தான்னு போட்டிருக்கு. நாம ஏழாயிரத்துல இருக்கோம். இங்க காத்தோட கனம் கம்மி, கேஸ் முழுசா எரியாது. பாய்லர் கண்ணாடி வழியா பாருங்க, தீ மஞ்சளா ஆடுது. வர்ற புகை விஷம். கொஞ்சம் கசிஞ்சாலும் வாசனையே தெரியாது. மலைக்குன்னு சின்னத் துளை வச்ச நாசில் இருக்கு. அதை மாட்டி, புகையை அளந்து பாக்கணும்."

"கடைக்காரனும் அதைத்தான் சொன்னான். நாசிலுக்கு ஆர்டர் போட்டாச்சுப்பா, வர ரெண்டு மூணு நாளாகுமாம். அதுவரைக்கும் பச்சப்புள்ள குளிர்ல நடுங்கணுமா? ஒட்டிட்டுப் போ மாப்ளே! ஊருக்கு ரூல்ஸ் பேசு, நம்ம வீட்டுக்குமா?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். அக்கா புருஷன் பேச்சை எப்படித் தட்டுவது? பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்துப் பின்தாளை உரித்தான்.

வாசலில் ஹாரன் கேட்டது. முந்திரிக்கொட்டை ஒரே பாய்ச்சலில் போய்க் கார் கதவைத் திறந்தான். போர்வைச் சுருளுக்குள் சிவந்த மூக்கு மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்தே அவன் குதித்தான். அறைக்குள் வந்த மனைவிக்கு வாயெல்லாம் பல்.

"டேய் தம்பி, இங்க எவ்ளோ கதகதப்பு! பாப்பாவைப் பாக்கணும்னு உன் பசங்க ஒத்தக்கால்ல நிக்குதாமே? ராத்திரி அனுப்பி வை. எல்லாரும் இந்த ரூம்லயே படுத்துக்கட்டும்."

"ஐயோ, வேண்டாம்க்கா!"

அவன் போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது. ஸ்டிக்கர் அவன் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள்; தகட்டைப் பார்த்தாள்; புருஷனின் திருட்டு முழியையும் பார்த்தாள்.

"ஏன்டா, உன் பிள்ளைங்க படுக்கக் கூடாத ரூம்ல என் பிள்ளை மட்டும் படுக்கலாமா?"

முந்திரிக்கொட்டை ஓடிப்போய்ப் பாய்லரை அணைத்தான், கேஸை மூடினான், ஜன்னல்களை அகலத் திறந்தான். பக்கத்து வீட்டில் கரண்ட் ஹீட்டரை இரவல் வாங்கினான். மச்சினன் ஸ்டிக்கரைக் கசக்கித் தலைகுனிந்து நின்றான்.

நாசில் வந்த அன்று மச்சினன் புகைக்குழாயில் கருவியை நுழைத்து அளந்தான். தீ நீலமாக, ஆடாமல் எரிந்தது.

"எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடு மாப்ளே. அவசரமே இல்ல" என்றான் முந்திரிக்கொட்டை. மனைவி காதுகளை நம்பாமல் திரும்பிப் பார்த்தாள்.

மறுபடி அளந்து, ஸ்டிக்கரை ஒட்டிய பிறகு, மச்சினன் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டான். அவன் பிள்ளைகள் இரண்டும் தலையணையோடு கூச்சலிட்டபடி உள்ளே ஓடிவந்தன.

முந்திரிக்கொட்டைக்குக் கண் கலங்கியது. "நம்மாளுன்னு விட்டுக்கொடுக்கறது பாசமில்ல மாப்ளே. நம்மாளுன்னா இன்னும் கறாராத்தான் இருக்கணும்."